கடை திறந்தா போதுமா பாஸ்?

படிப்பு முடிஞ்சதும் மூலனூர்லயே தையல் மெஷின் சர்வீஸ் கடை போடப் போறீங்களா? சபாஷ்! ஓவர்லாக், பிளாட்லாக் எதுவானாலும் பிரிச்சு மேய்வீங்க, சரி. ஆனா, அது யாருக்குத் தெரியும்? வாடகை மாசாமாசம் வாசல்ல வந்து நிக்கும். கஸ்டமரும் வந்து நிக்கணுமே!

ஷாம்பூவை பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என யோசித்த முன்னோடி, கடலூர் சின்னி கிருஷ்ணன். ஆனால், மார்க்கெட்டிங்கில் அப்பா வீக் என்று மகன் சி.கே.ரங்கநாதனே சொல்லியிருக்கிறார். அந்த மகன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். அவருடைய 'சிக்' ஷாம்பூ கிராமம் கிராமமாகப் போனது. ஒரு பையனுக்குத் தலையை அலசிவிட்டு, "முடியைத் தொட்டுப் பாருங்க" என்று கூடியிருந்தவர்களிடம் காட்டினார்கள். ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒன்று இலவசம்!

ஷாம்பூவையாவது கையில் எடுத்துக் காட்டலாம். சர்வீஸ், வேலை முடியும்வரை கண்ணுக்கே தெரியாது. அதனால், நீங்கதான் முதல்ல செஞ்சு காட்டணும். பக்கத்து யூனிட்டில் ஒரு மெஷினுக்கு இலவசமா ஆயில் விட்டு, செட்டிங் சரிபண்ணிக் கொடுங்க. உங்க நம்பரை அதிலேயே ஒட்டுங்க. ஒரு வாரம் கழிச்சு போன் போட்டு, "அண்ணா, நூல் அறுபடாம ஓடுதுங்களா?"னு கேளுங்க.

அடுத்த முறை மெஷின் நின்னா, அவர் தேடுற முதல் நம்பர் உங்களுடையதுதான்!