ஆடுகளம் யாருடையது?



"விளையாடிப் பிழைப்பதும் ஒரு பிழைப்பா?" என்னும் கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. வீடியோ விளையாட்டுகளை ஆடுவதையே தொழிலாகக் கொள்ளப்போகிறேன் என்று ஒரு மகன் வாய் திறந்தவுடன் தகப்பனின் முகம் இருளுகிறது. தாய் உபவாசமிருந்து ஜெபிக்கத் தொடங்குகிறாள். சபை மூப்பர் ஒருவர் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போகிறார். இம்மூவரின் அன்பையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அவர்கள் கேட்பது தவறான கேள்வி என்றே இவ்வாரம் உங்களோடு வழக்காட விரும்புகிறேன். தவறான கேள்வியை உரத்துக் கேட்பதனால், கேட்டே ஆகவேண்டிய கேள்வியை நாம் கேளாமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். பணம் கட்டி ஆடும் இணையச் சீட்டாட்டத்தை இங்கே நான் பேசவில்லை. அது எத்தனை குடும்பங்களைக் கடனிலும் மரணத்திலும் தள்ளியது என்பதைத் தமிழ்நாடு அறியும். திறமையால் மோதி, பரிசும் சம்பளமும் பெறும் இ-ஸ்போர்ட்ஸ் வேறு. இந்திய அரசும் 2022 டிசம்பரில் அதைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. 2025ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டமும் பணம் வைத்தாடும் ஆட்டங்களிலிருந்து அதைப் பிரித்தே வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "சூதாட்டம்" என்று முத்திரையிடுகிறவன், தன் பிள்ளையின்மேல் பொய்ச்சாட்சி சொல்லுகிறான்.

இனி, "இது உழைப்பே அல்ல" என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். மட்டையும் பந்தும் கொண்டு ஆடுகிறவன் நாட்டுக்குப் பெருமை சேர்க்கிறான் என்கிறோம். அறுபத்துநான்கு கட்டங்களின்முன் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருக்கும் சென்னைப் பிள்ளைகளை மாலையிட்டு வரவேற்கிறோம். அவர்களும் விளையாடித்தானே பிழைக்கிறார்கள்? அங்கே தவம் என்று தோன்றுவது, திரை ஒன்று குறுக்கே வந்தவுடன் சோம்பல் என்று தோன்றுவது ஏன்? நம் தராசின் இரண்டு தட்டுகளும் ஒன்றாயில்லை என்பதை ஒப்புக்கொள்வோம்.

இத்தொழில் முதன்முதலாக முறையாக வேரூன்றிய தென்கொரியாவைப் பாருங்கள். 1997இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், அதிவேக இணைப்புள்ள கணினிக் கடைகள் தெருவுக்குத் தெரு அங்கே பெருகின. 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் என்னும் போர்த்தந்திர விளையாட்டு அக்கடைகளை நிரப்பியது. 2000ஆம் ஆண்டில் வீரர்களுக்கென ஒரு சங்கமும், இவ்வாட்டங்களை ஒளிபரப்பத் தனித் தொலைக்காட்சி அலைவரிசையும் தோன்றின. 2004இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப்போட்டியைக் காண ஏறத்தாழ 1,00,000 பேர் திரண்டதாகச் சொல்லப்பட்டது. கட்டாய இராணுவச் சேவையினால் வீரர்களின் தொழில் முறிந்துபோகாதபடி, அந்நாட்டு விமானப்படையே 2007 முதல் 2012 வரை ஓர் அணியை நடத்தியது.

அந்த மேடைக்குப் பின்னே இருந்த வாழ்க்கை எப்படிப்பட்டது? அணியினர் ஒரே வீட்டில் தங்கி, நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகப் பயிற்சி செய்தார்கள். முதல்நிலை வீரன் ஒருவன் ஒரு நிமிடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டளைகளை விசைப்பலகையிலும் சுட்டெலியிலும் இடுவான். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் விளையாட்டில் ஃபேக்கர் என்னும் பெயரால் உலகம் அறிந்த லீ சாங்-ஹியோக், 2013இல் உயர்நிலைப் பள்ளியைவிட்டு வந்து, அவ்வாண்டே உலகப் பட்டம் வென்றார். அதன்பின் மேலும் பலமுறை வென்றார். அவரும் 2023இல் கைவலியினால் சில வாரங்கள் களத்தைவிட்டு விலகி நிற்க நேர்ந்தது. இதைச் சோம்பல் என்று எந்த நாவினால் சொல்லுவோம்?

சோம்பேறித்தனத்தைக் கண்டிக்கும் பிரசங்கங்களை நானும் செய்திருக்கிறேன். இவ்வகைப் பிள்ளைகளைப் பெயர் சொல்லாமல் பீடத்திலிருந்து குத்தியும் இருக்கிறேன். பின்வரிசையில் தலைகுனிந்தவன் அடுத்த ஞாயிறு வரவில்லை. அவனுடைய உழைப்பைப் பார்க்க மறுத்தவன் அவனுடைய ஆபத்தையும் பார்க்க முடியாதவனாகிறான் என்பதை அன்று நான் அறியவில்லை.

ஆபத்து உண்டு, பிரியமானவர்களே. நாம் தேடுகிற இடத்தில் அது இல்லை என்பதே என் வழக்கு.

கிரிக்கெட்டுக்குச் சொந்தக்காரன் யார்? சதுரங்கத்துக்கு? வாரியங்களும் சங்கங்களும் போட்டிகளை நடத்துகின்றன. ஆட்டமோ எவருடைய சொத்தும் அன்று. நாளைக்கே எல்லா வாரியங்களும் கலைந்தாலும் நம் தெருப்பிள்ளைகள் மூன்று குச்சிகளை நட்டு ஆடுவார்கள். வீடியோ விளையாட்டு அப்படியல்ல. ஆட்டத்தின் விதி, களம், பந்து, நடுவர் யாவும் ஒரே நிறுவனத்தின் தனிச்சொத்து. அந்நிறுவனம் விதியை இன்று மாற்றினால், நீ மூன்றாண்டுகள் பழகிய வித்தை நாளை பயனற்றது. அது களத்தை மூடினால், உன் தொழில் அன்றே முடிந்தது.

இது வெறும் அச்சமல்ல, நடந்த காரியம். ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் என்னும் விளையாட்டுக்கு உலக அளவில் தொழில்முறைத் தொடர் ஒன்று இருந்தது. அணிகளும் பயிற்சியாளர்களும் வர்ணனையாளர்களும் அதனால் பிழைத்தார்கள். 2018 டிசம்பரில், அதன் உரிமை நிறுவனமான பிளிஸார்ட் ஓர் அறிவிப்பை இணையத்தில் வெளியிட்டது: அடுத்த ஆண்டு அத்தொடர் இல்லை. வீரர்கள் பலர் அச்செய்தியைப் பார்வையாளர்களோடு சேர்ந்தே படித்தறிந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரங்களே இருந்தன.

நம் நாட்டிலும் பார்த்தோம். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி, மத்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. 2021 ஜூலையில் வேறு பெயரோடு அது திரும்பியது. 2022 ஜூலையில் மறுபடியும் முடக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. தடைக்கான காரணங்கள் அரசுக்கு இருந்திருக்கலாம். அதை இங்கே வழக்காடவில்லை. அவ்விளையாட்டையே நம்பியிருந்த வாலிபன் அம்மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை வேலை இழந்தான் என்று எண்ணிப்பாருங்கள். தான் செய்யாத குற்றத்துக்காகத் தன் நிலம் தன் காலடியிலிருந்து உருவப்படுவதை அவன் கண்டான்.

பரிசுத்தொகையின் மினுக்கையும் சற்று உரசிப் பார்ப்போம். டோட்டா 2 விளையாட்டின் 2021ஆம் ஆண்டு உலகப் போட்டியில் பரிசுத்தொகை 4 கோடி டாலர். அதன் பெரும்பகுதி, ரசிகர்கள் விளையாட்டுக்குள் வாங்கிய பொருள்களின் விலையில் கால்பங்காக வந்தது. விற்பனை முறையை நிறுவனம் மாற்றிய பின்பு, 2023இல் அதே போட்டியின் தொகை ஏறத்தாழ 30 இலட்சம் டாலராகச் சுருங்கியது. வீரர்களின் திறமை பன்னிரண்டில் ஒரு பங்காகவா குறைந்தது? இல்லை. கணக்கப்பிள்ளையின் பேனா நகர்ந்தது, அவ்வளவே.

2019இல் நியூயார்க்கில் ஃபோர்ட்நைட் உலகக் கோப்பை நடந்தது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் 30 இலட்சம் டாலர் வென்றான். அந்தப் படத்தைத்தான் உங்கள் மகன் உங்களிடம் காட்டுகிறான். நடத்திய நிறுவனமே சொன்ன கணக்கின்படி, தகுதிச் சுற்றுகளில் முயன்றவர்கள் 4 கோடி பேர். தனிநபர் இறுதிப்போட்டிக்கு வந்தவர்கள் 100 பேர். அந்த நூறு பேருக்கும் ஆளுக்கு 50,000 டாலராவது கிடைத்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் மற்றவர்களின் இரவுகளுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? அவர்கள் விழித்திருந்ததனால் அந்த விளையாட்டின் பெயர் உலகெங்கும் பரவியது. கூலியின்றிக் கூவி விற்ற கூட்டம் அது. வேலைக்காரரின் கூலி பிடித்துவைக்கப்படும்போது அது பரலோகத்தை நோக்கிக் கூப்பிடுகிறது என்று நம்புகிற நாம், இக்கூலியைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், உழைத்தவனையே சோம்பேறி என்கிறோம்!

அநித்தியமான கூலி மனிதனை எங்கே தள்ளும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2010இல் கொரியாவில், பந்தயக்காரரிடம் பணம் பெற்று ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்ற விவகாரத்தில் ஸ்டார்கிராஃப்ட் வீரர் பதினொருவர் வாழ்நாள் தடை பெற்றார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஆட்டத்தின் மகா வீரராகப் போற்றப்பட்டவர். பாவம் பாவமே, அதற்குச் சாக்குச் சொல்லேன். ஆனால் இருபது வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, இருபத்தைந்தில் கிழவன் என்று ஒதுக்கப்படக்கூடிய ஒருவனுக்கு, அடுத்த வேளைக்கு வழி காட்டாத அமைப்பும் அக்குற்றத்தின் நிழலிலே நிற்கிறது. பல ஆண்டுகள் நடந்த அந்நாட்டின் ஸ்டார்கிராஃப்ட் அணித்தொடரும் 2016இல் நிறுத்தப்பட்டது. கடற்கரையில் திரண்ட கூட்டம் வேறு ஆட்டத்தைத் தேடிப் போயிற்று.

எனவே, "இது பிழைப்பா?" என்று கேளாதீர்கள். "ஆடுகளம் யாருடையது? அதில் என் பிள்ளைக்கு என்ன பங்கு?" என்று கேளுங்கள்.

பெற்றோரே, மகனோடு உட்காருங்கள். அவன் ஆடுவதை ஒரு மணி நேரம் பாருங்கள், புரியாததைக் கேளுங்கள். பிறகு இவற்றை விசாரியுங்கள். அணி ஒன்று அழைத்தால் எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? பரிசில் அவன் பங்கு என்ன? அணி அவனை விலக்கினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? பதினெட்டு வயது நிறையாதவன் என்றால் உங்கள் கையெழுத்தின்றி எதுவும் நடக்கலாகாது. படிப்பு முற்றிலும் விடப்படாமல் ஏதாவதொரு வழியில் தொடருமா? இவற்றுக்கு விடை சொல்லக் கூசுகிற எவனும் உங்கள் மகனுக்கு எஜமானாயிருக்கத் தகுதியற்றவன்.

வாலிபனே, உனக்கும் ஒரு வார்த்தை. பவுல் ஊழியம் செய்த கொரிந்து பட்டணத்தின் அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வென்றவனுக்குக் கிடைத்தது இலைகளால் பின்னிய ஒரு முடி. அது சில நாளில் காய்ந்துவிடும். பவுல் அந்த வீரர்களை இகழவில்லை. அவர்களுடைய கட்டுப்பாட்டையே சபைக்குப் பாடமாக எடுத்துக் காட்டினார். அதே பவுலின் கையில் கூடாரம் செய்யும் தொழிலும் இருந்தது. உன் ஓட்டத்தை ஓடு. கூடவே ஒரு கூடாரத் தொழிலையும் கற்றுக்கொள். ஆட்டத்தைப் பகுத்தாராய்வது, வர்ணிப்பது, பயிற்றுவிப்பது, விளையாட்டுகளை உருவாக்குவது என்று நீ அறிந்த களத்தை ஒட்டியே அது இருக்கலாம். களம் மூடப்படும் நாளில் உன் கையில் எது மிஞ்சும் என்பதை இன்றே தீர்மானி. வாரத்தில் ஒரு நாளாவது திரையை அணைத்து வை. ஓய்வு வெற்றியின் வெகுமதியன்று, படைக்கப்பட்டவனின் உரிமை. அதை எந்த அணியும் உனக்குத் தரவும் முடியாது, பறிக்கவும் கூடாது.

சபையே, நாம் என்ன செய்வோம்? உழைக்கிறவனைத் திட்டுவதும், வென்றவனுக்குப் பொன்னாடை போர்த்துவதும் எளிது. தோற்றுத் திரும்பி வருகிறவனுக்கு வாசலைத் திறந்துவைப்பதே கடினம். இருபத்துநான்கு வயதில், சான்றிதழும் சேமிப்பும் இல்லாமல், வலிக்கும் மணிக்கட்டோடு ஒருவன் வந்து நிற்கும்போது, "நான் அன்றைக்கே சொன்னேனே" என்பது நம் முதல் வார்த்தையாயிருந்தால், அவன் மறுபடியும் நம் வாசலை மிதியான். அவனுக்கும் ஒரு தாலந்து கொடுக்கப்பட்டிருந்தது. அவன் அதைப் புதைக்கவில்லை. அதன் ஆதாயத்தை வேறொருவன் அள்ளிக்கொண்டு போனான்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் உழைப்பைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். அவர்களுடைய கூலியைக் கேட்கும் துணிவைத் தாரும். அவர்கள் விழும் நாளில், குற்றம் சொல்லாமல் கைகொடுக்கும் இருதயத்தைத் தாரும். ஆமென்.