நூறிலிருந்து ஏழைக் கழித்தால் என்ன வரும்?

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க ஒரு சொட்டு ரத்தம் போதும். வேதாரண்யத்தில் எடுத்தாலும் வாஷிங்டனில் எடுத்தாலும் கருவி ஒரே மாதிரிதான் எண்ணைக் காட்டும். ஞாபகசக்தியை அப்படி அளக்க முடியாது. கேள்வி கேட்டுத்தான் அளக்க வேண்டும். கேள்வி என்று வந்துவிட்டால் எந்த மொழியில் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. சிக்கலே அங்கேதான்.

"மறதி அதிகமா இருக்கு டாக்டர்" என்று வருபவரை மனநல மருத்துவர் உளவியலாளரிடம் அனுப்புவார். அவர் அறிவு என்பதை ஒரே மூட்டையாகப் பார்ப்பதில்லை. கவனம் தனி, ஞாபகம் தனி, மொழி தனி, இடம் பார்த்துப் புரிந்துகொள்வது தனி, திட்டமிடுவது தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. கவனத்துக்கு, சொல்லும் எண்களை நேராகவும் பின் தலைகீழாகவும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஞாபகத்துக்கு, சில சொற்களைச் சொல்லிவிட்டு வேறு வேலை கொடுத்து, இருபது முப்பது நிமிடம் கழித்து "அப்போ சொன்னது என்னென்ன?" என்று கேட்பார்கள். மொழிக்கு, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று எண்ணுவார்கள். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வார்கள். "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்து, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வார்கள். வாய் தானாகச் "சிவப்பு" என்று வரும். அதை அடக்குகிற வேலை மூளையின் முன்பகுதியைச் சேர்ந்தது. ஸ்ட்ரூப் என்பவர் 1935ல் வெளியிட்டு, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற சோதனை இது.

இதெல்லாம் முடிய மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரம் எல்லோருக்கும் கிடைக்காது. அதனால்தான் பத்து நிமிடச் சோதனைகள் வந்தன. அவற்றில் ரொம்பப் பிரபலமானது 1975ல் ஃபோல்ஸ்டைன் தம்பதியும் மெக்ஹியூவும் வெளியிட்ட மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன். மொத்தம் 30 மதிப்பெண். 24க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது பழகிப்போன கணக்கு.

அதில் என்ன கேட்கிறார்கள்? இன்று என்ன தேதி, இது எத்தனையாவது மாடி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா, இல்லாவிட்டால் 'வேர்ல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைத் தலைகீழாகச் சொல். ஒரு வாக்கியம் எழுது. இந்த அட்டையில் இருப்பதைப் படித்து அதன்படி செய். ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை.

இப்போது வேதாரண்யத்தில் நாற்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். பென்சில் பிடித்ததே கிடையாது. வெள்ளை வெளேரென்ற பாத்தியில் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் மங்கிவிட்டது. "இன்னைக்கு என்ன தேதிம்மா?" என்றால், "கார்த்திகை பொறந்து நாலு நாள் ஆவுது தம்பி" என்பார். துல்லியமான பதில்! ஆனால் தாளில் இருப்பது நவம்பர். மாடி கேட்டால், அவர் வீட்டுக்கே மாடி இல்லை. எழுதச் சொன்னால் பூஜ்யம். படிக்கச் சொன்னால் பூஜ்யம். ஐங்கோணம் பூஜ்யம். புத்தியில் ஒரு குறையும் இல்லாமலே அவர் ஃபெயில்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவிலேயே பதினெட்டாயிரம் பேருக்கு மேல் இந்தச் சோதனை எடுத்ததைத் தொகுத்து 1993ல் ஒரு ஆய்வு வந்தது. ஒன்பது வருஷமோ அதற்கு மேலோ படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு வருஷம் படித்தவர்களுக்கு 26. நான்கு வருஷம் வரை மட்டும் படித்தவர்களுக்கு 22. எல்லைக்கோடே 24 என்னும்போது 22 என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பிரிவில் பாதிப் பேருக்கு மேல் நோயாளிகளா? இல்லை. சோதனை மூளையை மட்டும் அளக்கவில்லை, பள்ளிக்கூடத்தையும் சேர்த்து அளந்திருக்கிறது.

சரி, அப்படியானால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், வயசானால் மறதி சகஜம் என்று விட்டுவிடலாமா? அதுவும் தப்பு. முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. அதற்கு ஆதாரம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1998ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் '10/66' என்று ஒரு குழு தொடங்கினார்கள். உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதால் அந்தப் பெயர். இந்தியாவில் அவர்கள் ஆய்வு செய்த இடங்கள் சென்னை நகரமும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும். முடிவு 2008ல் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் விதிப்படி கணக்கிட்டால் இந்தியக் கிராமத்து முதியவர்களில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். ஆய்வு நடந்த இடங்களிலேயே குறைவு. க்யூபாவில் 6.3 சதவீதம்! கிராமத்துக் காற்றும் கேழ்வரகுக் கூழும் செய்த மாயம் என்று சந்தோஷப்படலாமா? பொறுங்கள். படிப்பு, பண்பாட்டு வித்தியாசங்களுக்கு ஈடுகொடுக்கும்படி அந்தக் குழுவே உருவாக்கிய முறையில் கணக்கிட்டபோது எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை.

நோயாளிகள் எங்கே ஒளிந்திருந்தார்கள்? வீட்டுக்குள்ளேதான். அந்த விதிப்படி ஞாபகம் குறைந்தால் மட்டும் போதாது, அன்றாட வேலையும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். பின்தங்கிய இடங்களில் வீட்டார் அப்படிச் சொல்வது குறைவு என்று ஆய்வு கண்டது. நம் வீடுகளை நினைத்தால் காரணம் புரியும். தாத்தாவுக்குச் சாப்பாடு தட்டில் வருகிறது. காசு கணக்கு மகன் கையில். கடைக்குப் பேரன் போகிறான். "அப்பா எப்படி இருக்காங்க?" என்றால், "நல்லாத்தான் இருக்காங்க, கொஞ்சம் மறதி, வயசாச்சுல்ல" என்போம். பாசம்தான். ஆனால் அந்தப் பாசம் நோயை மூடிவிடுகிறது.

இந்திய அளவில் எடுத்த ஆய்வு ஒன்று 2023ல் வெளியானது. அதன்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஆண்களைவிடப் பெண்களிடம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அதாவது, எந்தச் சோதனைத் தாள் யாருக்கு ஒத்துவரவில்லையோ அவர்களிடமேதான் நோயும் அதிகம்.

வழி இல்லாமல் இல்லை. ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களுக்காக உருவாக்கி 1995ல் வெளியிட்ட இந்திச் சோதனை நல்ல உதாரணம். ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாகச் சொல்வதற்குப் பதில் வாரத்தின் கிழமைகளைத் தலைகீழாகச் சொன்னால் போதும். அட்டையைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதில், கேட்பவர் கண்ணை மூடிக் காட்டுவார், பார்த்து அப்படியே செய்ய வேண்டும். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மொழி பெயர்க்கவில்லை, ஊரைப் பார்த்துக் கேள்வியையே மாற்றினார்கள்.

வெறும் மொழிபெயர்ப்பு போதாது என்பதற்கு வேல்ஸ் நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. வெல்ஷ் மொழியில் எண்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிட அதிக நேரம் ஆகும். அதனால் அந்த மொழியில் எண்களைத் திருப்பிச் சொல்லும்போது ஞாபகம் குறைவு போலத் தெரிந்தது என்று 1980ல் எழுதினார்கள். புத்தி அதே புத்தி, நாக்குக்குத்தான் நேரம் கூட!

நம் ஊருக்குக் கேள்வி மாற்றினால் எப்படி இருக்கும்? தமிழ் மாதம் சொன்னால் சரி என்று மதிப்பெண் போட வேண்டும். காலக் கணக்குக்குப் புயல் இருக்கிறது. 52 புயல், 77 புயல், 2004 சுனாமி, 2018 கஜா. "பேத்தி பொறந்தது கஜாவுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் டெல்டாவில் யாருக்கும் புரியும். ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். அல்சைமர் நோயின் ஆரம்பத்தில் பழைய ஞாபகம் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், புதிதாக எதையும் பதிய வைப்பதுதான் முதலில் போகும். 52 புயல் கதையை வரி விடாமல் சொல்கிற பாட்டி, காலையில் சாப்பிட்டதை மறந்திருப்பார். "பழசெல்லாம் எப்படி ஞாபகம் வச்சிருக்காங்க பாரு" என்று வீடே ஏமாறுவது இங்கேதான். ஆகவே புதிதாக நாலு சொல் கொடுத்து, அரை மணி கழித்துக் கேட்கும் சோதனையை எந்த ஊரிலும் விட முடியாது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமா? ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருக்கலாம். டேலி ஆகவில்லை என்றால் உடனே மோசடி என்றும் அர்த்தமில்லை. பத்து நிமிடச் சோதனையும் அப்படித்தான். மேலே தோண்டிப் பார் என்று சொல்லும், அவ்வளவுதான். தீர்ப்பு சொல்லாது. கூட்டல் தொகையைவிட, எந்தக் கேள்வியில் எப்படித் தப்பு வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதில் இன்னொரு வியாபாரக் கதையும் உண்டு. 1975 முதல் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்திய அந்த 30 மதிப்பெண் சோதனையின் உரிமையை 2001ல் ஒரு அமெரிக்க நிறுவனம் வாங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் காசு. அரசு ஆஸ்பத்திரிக்கு, அதுவும் நமக்குப் பொருந்தாத ஒன்றுக்கு, இது தேவையா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியாவுக்கென்றே ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கியது நல்ல காரியம். ஆனால் 2020ல் வெளிவந்த அதன் முதல் ஐந்து மொழிகள் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. செம்மொழி என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் குரல் கொடுத்திருக்கலாம்.

"கண்டுபிடித்து மட்டும் என்ன செய்ய? இதற்குத்தான் மருந்தே இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. மறதி என்று வருபவர்கள் எல்லோருக்கும் அல்சைமர் இல்லை. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சாப்பிடும் சில மாத்திரைகள்... இவையும் மறதி தரும். இவற்றைச் சரிசெய்ய முடியும். சரிசெய்ய முடியாத நோயாக இருந்தாலும், இரவில் வெளியே நடந்துவிடும் தாத்தாவை "வேணும்னே பண்றார்" என்று திட்டாமல் இருக்கலாமே!

சொத்து விஷயமும் இருக்கிறது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 12ஆம் பிரிவு எல்லோரும் படித்ததுதான். ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது என்ன செய்யும் என்று யோசித்து முடிவெடுக்க முடிந்தவரே தெளிந்த மனம் உடையவர். ஐங்கோணம் வரையத் தெரியாத அம்மா தன் நிலத்தைப் பற்றித் தெளிவாக முடிவெடுப்பார். எல்லாக் கேள்விக்கும் சிரித்துச் சமாளிக்கும் பெரியவர் எதில் கைநாட்டு வைக்கிறோம் என்றே தெரியாமல் இருப்பார். தப்பான சோதனை முதலாமவரின் உரிமையைப் பறிக்கும். சோதனையே இல்லாவிட்டால் இரண்டாமவரின் நிலம் போகும்.

என்ன செய்யலாம்? 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறது. அதே வருகையில் ஐந்து நிமிடம் ஞாபகத்துக்கும் ஒதுக்கலாம், டெல்டாப் பேச்சில், எழுத்தறிவு தேவைப்படாத கேள்விகளோடு. சந்தேகம் வந்தால் முழுச் சோதனைக்கு நாகப்பட்டினத்தில் 2022ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போதுமான உளவியலாளர்களை நியமித்தால் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வரை பஸ் ஏற வேண்டியதில்லை.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், "நல்லாத்தான் இருக்காங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். போன வருஷம் தானே செய்த எந்த வேலையை இந்த வருஷம் நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எத்தனை வகுப்பு படித்தவர், கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நூறிலிருந்து ஏழைக் கழிப்பதைவிட அது டாக்டருக்கு அதிகம் உதவும்.