கேட் மூடியிருக்கு, மாமா!

ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கம்ப்யூட்டர் எப்படிக் கண் விழிக்கும்? அக்கம்பக்கத்தில் கடன் வாங்கித்தான்! பவர் வந்ததும், 'எனக்கொரு அட்ரஸ் குடுங்கப்பா' என்று நெட்வொர்க்கில் கூவும். டி.ஹெச்.சி.பி. சர்வர் அட்ரஸ் தரும். டி.எஃப்.டி.பி. சர்வர் ஃபைலைப் பரிமாறும்: ஒரு கரண்டிக்கு 512 பைட், 'வந்துச்சு' என்று பதில் வந்தால்தான் அடுத்த கரண்டி. (கல்யாணப் பந்தியில் இப்படிப் பரிமாறினால் அடி விழும்!) சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் 'கப்ரு' கிளஸ்டரில் 2004-லேயே 144 மிஷின்கள். அந்த மாதிரிக் கூட்டத்துக்கு ஒவ்வொன்றாக சி.டி. போட்டு மாளுமா?

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் என் அக்கா மகன் இப்படி 16 மிஷின்களை மேய்க்கிறான். ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் பழைய சுவிட்ச் புகைந்துவிட்டது. புதுசு மாட்டினார்கள். 16-ம் 'அட்ரஸ் கிடைக்கவில்லை' என்று கறுப்புத் திரையோடு நின்றன. மறுநாள் காலை பையன்கள் புராஜெக்ட் ரிசல்ட் கொடுக்க வேண்டும். சர்வரில் எல்லாவற்றையும் அழித்து இரண்டு தடவை புதிதாகப் போட்டார்கள். ம்ஹூம்!

ராத்திரி ஒரு மிஷினுக்கும் புது சுவிட்சுக்கும் நடுவில், மூலையில் கிடந்த குட்டி சுவிட்ச் ஒன்றைச் செருகிப் பார்த்தான். எழுந்துவிட்டது!

"சர்வர் மேல தப்பில்ல மாமா. புது சுவிட்ச் கேட்டை மூடிட்டு நிக்கு."

கேபிளில் உயிர் வந்ததும், எங்காவது வளையம் விழுந்திருக்கிறதா என்று 30 விநாடி அது காது கொடுத்துக் கேட்குமாம். அதுவரை யாருக்கும் வழி கிடையாது. மிஷினோ அதற்குள் கூவி ஓய்ந்து படுத்துவிடுகிறது. குட்டி சுவிட்ச் எப்போதும் விழித்திருப்பதால் கேட் முன்கூட்டியே திறந்திருந்தது.

மிஷின் மாட்டிய போர்ட்டுகளுக்கெல்லாம் 'போர்ட்ஃபாஸ்ட்' போட்டான். காத்திருப்பு போயே போச்சு. "இன்னொரு சுவிட்ச் மாட்டுற போர்ட்ல மட்டும் போட்டுராதீய மாமா!"

பி.காம். படித்தவன் நான் எங்கே போய்ப் போட?