இருட்டோடு ஒரு சிநேகம்

“பாட்டி! பாத்ரூம் வாசல்ல வந்து நிக்கறியா?”

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரை மணி அடித்தால் இந்தக் குரல் கேட்கும். பேரனுக்கு ஏழு வயசு. பகலெல்லாம் மாடிப்படியை நாலு நாலாகத் தாண்டிக் குதிக்கிற வீரன். ராத்திரி ஆனால், ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருக்கிற பத்தடி வழியைத் தாண்டப் பாட்டி துணை வேண்டும்! போய் நின்றாலும் போதாது. “பாட்டி, இருக்கியா? பாட்டி, இருக்கியா?” என்று உள்ளேயிருந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அட்டெண்டன்ஸ் வேறு.

“இவ்ளோ பெரிய பையன், வெக்கமா இல்ல?” என்று என் மருமகள் கேட்பாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். வெட்கம் வரும். பயம் மட்டும் போகாது.

உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதானே? அதனால்தான் இந்தத் தடவை சமையலறையை விட்டுவிட்டு, படுக்கையறைப் பக்கம் வந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து ஒரு கார்ட்டூன் படம் பார்த்தோம். ‘ஓரியன் அண்ட் தி டார்க்’ என்று பெயர். அமெரிக்காவில் ட்ரீம்வொர்க்ஸ் கம்பெனிக்காரர்கள் எடுத்தது. 2024 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. எம்மா யார்லெட் என்ற பெண்மணி குழந்தைகளுக்காக எழுதி, படமும் வரைந்த ஒரு சின்னப் புத்தகம்தான் இதற்கு மூலம். “ஒன்றரை மணி நேரம் பொம்மைப் படமா?” என்று முனகிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். கீரையைக்கூட ஆயக் கொண்டு வந்திருந்தேன். பத்து நிமிஷத்தில் கீரை அப்படியே மடியில் நின்றுவிட்டது!

கதை இதுதான். ஓரியன் என்று பதினோரு வயசுப் பையன். எதற்கெடுத்தாலும் பயம். தேனீயா, பயம். நாயா, பயம். கடலா, பயம். வகுப்பில் ஒரு பெண்ணோடு பேசவும் பயம். பயந்ததையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற பயம், இருட்டு. தினம் ராத்திரி விளக்கை அணைத்ததும் ஒரே கூச்சல்.

ஒரு நாள் அந்த இருட்டே அவன் அறைக்குள் வந்து நிற்கிறது! கறுப்பு அங்கி, பெரிய கண்கள், மலை மாதிரி உருவம். குழந்தையை விழுங்கப்போகிறது என்று நினைத்தால், அது அழாத குறையாகப் புலம்புகிறது. ‘ஊரே என்னைக் கண்டால் வெறுக்கிறது, நீயோ தினமும் இந்தக் கத்துக் கத்துகிறாய், நான் என்னடா பண்ணினேன்?’ என்கிற தோரணையில். கடைசியில், “ஒரே ஒரு ராத்திரி என்னோடு வா, நான் என்ன வேலை செய்கிறேன் என்று பார்” என்று பையனைக் கூட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றப் புறப்படுகிறது.

இருட்டுக்குக் கூட்டாளிகள் உண்டு. தூக்கம், நிசப்தம், இனிய கனவு, தூக்கமின்மை, காரணம் தெரியாத சத்தம் என்று ஆளுக்கொரு உருவம். அந்தச் சத்தக்காரி பண்ணுகிற ‘கிறீச்’, ‘டொக்’கைப் பார்த்துவிட்டு என் பேரன், “பாட்டி, நம்ம வீட்டு பிரிட்ஜ் சத்தம் போடறது இவதானா?” என்றானே, பார்க்கலாம்!

ஒரு கட்டத்தில் இருட்டே இல்லாமல் போய்விடுகிறது. எங்கும் வெளிச்சம். ‘அப்பாடா, நல்லதாப் போச்சு’ என்று தோன்றுகிறதா? இல்லை. ராத்திரி இல்லாவிட்டால் தூக்கம் ஏது? உலகமே தவிக்கிறது. மீதிக் கதையை நான் சொல்லப்போவதில்லை. குழந்தையோடு உட்கார்ந்து நீங்களே பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்தக் கதையைச் சொல்கிறவனே வளர்ந்து பெரியவனான அந்த ஓரியன்தான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை. அவளுக்கும் இருட்டென்றால் பயம். “எனக்குப் பயமே கிடையாது, உனக்கென்ன?” என்று அவன் மிரட்டவில்லை. “நானும் உன்னை மாதிரிதான் இருந்தேன்” என்று உட்கார்ந்து கதை சொல்கிறான்.

அந்த இடத்தில்தான் எனக்குச் சுரீரென்றது.

படம் முடிந்து பேரன் தூங்கிப் போனான். மருமகள் அவனைப் படுக்க வைக்கப் போயிருந்தாள். என் பிள்ளை மட்டும் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தான். நாற்பத்திரண்டு வயசு, ஆபீசில் நாலு பேரை வேலை வாங்குகிறவன். “என்னடா, தூங்கலையா?” என்றேன்.

“அம்மா, அந்த ஸ்டோர் ரூம் ஞாபகம் இருக்கா?” என்றான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்றுதான் நான் நினைக்கவேயில்லை.

அவனுக்கு நாலு வயசு இருக்கும்போது நாங்கள் குடியிருந்த வீட்டில் அரிசி மூட்டை, விறகு, ஓட்டை உடைசல் எல்லாம் போட்டு வைக்கிற ஓர் அறை. ஜன்னல் கிடையாது. சாப்பிடாமல் அடம் பிடித்தால், “பூச்சாண்டி உள்ளே இருக்கான், பிடிச்சுக் குடுத்துடுவேன்!” என்பேன். ஒரு நாள் என்ன கோபமோ, என்ன அலுப்போ, உண்மையாகவே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டே நிமிஷம். அவன் கதவைத் தட்டினான், கத்தினான். பிறகு சத்தம் நின்றுவிட்டது. ‘அடங்கிவிட்டான்’ என்று நினைத்தேன். கதவைத் திறந்தபோது டிராயரை நனைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் நின்றான். அன்று மத்தியானம் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். ‘ஆஹா, நல்ல மருந்து’ என்று பக்கத்து வீட்டு மாமியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

“ரெண்டு நிமிஷம்தானேடா...” என்று இழுத்தேன்.

“உனக்கு ரெண்டு நிமிஷம்மா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. “இப்பவும் ஹோட்டல் ரூம்ல தனியாத் தங்கினா பாத்ரூம் லைட்டைப் போட்டுட்டுத்தான் தூங்கறேன். அவகிட்ட சொன்னதில்ல. இவனைத் திட்டும்போதெல்லாம் எனக்கு என்னவோ பண்ணும்.”

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. முப்பத்தெட்டு வருஷம் கழித்து, “தப்பு பண்ணிட்டேண்டா, கண்ணா” என்றேன். “விடும்மா” என்று எழுந்து போனான். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

சகோதரிகளே, வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்கிறேன் என்றால், பூச்சாண்டி இன்னும் ஒழியவில்லை. ரெண்டு கண்ணன், போலீஸ்காரர், ஊசி போடுகிற டாக்டர் என்று வேஷம்தான் மாறியிருக்கிறது. ஒரு கவளம் சோறு உள்ளே போவதற்காக நாம் போடுகிற பயம், எத்தனை வருஷம் உள்ளேயே தங்கும் என்று நமக்குத் தெரிவதில்லை. பயப்படுகிற குழந்தையைத் தள்ளி இருட்டுக்குப் பழக்க முடியாது. கூடப் போய்த்தான் பழக்க வேண்டும். அந்தப் படத்தில் இருட்டும் பையனைக் கைப்பிடித்துத்தானே கூட்டிப் போகிறது?

இருட்டைக் கண்டு பயப்படுவது நோய் அல்ல. இரண்டு, மூன்று வயசில் குழந்தையின் கற்பனை வளரும்போது இந்தப் பயமும் கூடவே வருகிறது. நாற்காலியில் தொங்கும் சட்டை பூதமாகிறது. எது நிஜம், எது கற்பனை என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் வர வர, பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே குறைந்துவிடும். அதுவரை நாம் செய்யக்கூடியவை இவை. நானும் என் மருமகளும் இப்போது செய்து பார்க்கிறோம்.

முதலாவது, பயத்தைக் கேலி செய்யாதீர்கள். “அங்க ஒண்ணுமே இல்ல, போடா” என்பதைவிட, “பயமா இருக்கா? எதைப் பாத்தா பயமா இருக்கு, சொல்லு” என்று கேளுங்கள். ஓரியன் மாதிரி ஒரு நோட்டில் படம் வரையச் சொல்லுங்கள். என் பேரன் கட்டிலுக்கடியில் இருக்கும் ஓர் ஆசாமியை வரைந்தான். அவனுக்கு ஒரு மீசையும் வேட்டியும் போட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது, இருட்டில் ஒரு விளையாட்டு. விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. சில நிமிஷத்தில் பீரோ தெரியும். பிறகு நாற்காலி, கொடியில் துண்டு. “என்னென்ன தெரியுது, சொல்லு பாப்போம்” என்று எண்ணச் சொல்லுங்கள். நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். வெளிச்சத்தில் நிறம் பார்க்கிற செல்கள் வேறு; மங்கலில் பார்க்கிற செல்கள் வேறு. அதனால்தான் இருட்டில் சிவப்புத் துண்டும் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இதைச் சொன்னதும் பேரன், “அப்போ என் கண்ணுக்கு நைட் டியூட்டி ஆளு தனியா இருக்கா?” என்றான். பயம் போய் ஆராய்ச்சி வந்துவிட்டது!

மூன்றாவது, கொஞ்சம் கொஞ்சமாக விலகுங்கள். முதலில் பாத்ரூம் வாசலில் நில்லுங்கள். நாலு நாள் கழித்து ஹாலில் நின்று குரல் கொடுங்கள். பிறகு அவனே போய் வரட்டும். போய் வந்தால் ஒரு ‘சபாஷ்’. ஒரு நாள் பின்வாங்கினால் பரவாயில்லை; மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது, ராத்திரி விளக்கு. சின்ன மஞ்சள் அல்லது சிவப்பு ஜீரோ வாட் பல்ப் இருந்தால் குற்றமில்லை. பளீரென்ற வெள்ளை விளக்கு வேண்டாம். இருட்டினதும் நம் உடம்பில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து ‘தூங்கு’ என்று சொல்கிறது. பளிச்சென்ற வெளிச்சமும், முகத்துக்கு நேராகப் பிடிக்கிற செல்போனும் அதைத் தடுத்துவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியையும் போனையும் மூடிவிடுங்கள். 3 முதல் 5 வயசுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயசு வரை 9 முதல் 12 மணி நேரம். இருட்டு நமக்குச் செய்கிற வேலை இது. படம் சொல்வதும் இதைத்தான்.

சில விஷயங்களில் மட்டும் அலட்சியம் கூடாது. மாலை மங்கினதும் குழந்தை தடுமாறி இடித்துக்கொண்டால் அது பயம் இல்லை, மாலைக்கண்ணாக இருக்கலாம். உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்பதாம் மாதத்திலிருந்து 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிற வைட்டமின் ஏ சொட்டு மருந்தைத் தவற விடாதீர்கள். முருங்கைக்கீரை, காரட், பப்பாளி, முட்டை எல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும்.

அதுவரை நன்றாகத் தூங்கிய குழந்தை திடீரென்று இருட்டுக்கோ, தனியாக இருக்கவோ, குறிப்பிட்ட ஒருவரிடம் போகவோ பயந்தால், அதட்டாதீர்கள். என்ன நடந்தது என்று நிதானமாகக் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். பயத்தால் தூக்கமும் பள்ளிக்கூடமும் வாரக்கணக்கில் கெட்டால் குழந்தை டாக்டரிடம் பேசுவதில் வெட்கம் வேண்டாம்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கதைக்குள் கதையாகப் போவதால் ஐந்து வயசுக்குக் கீழே புரிவது கஷ்டம். தனியாகப் பார்க்க விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி வரும்போது நிறுத்திப் பதில் சொல்லுங்கள். பாதிப் பலன் அதில்தான்.

ஓரியன் என்பது ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் பெயர். நம் திருவாதிரையும் மிருகசீரிடமும் அதற்குள்தான் இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை மார்கழிக் குளிரில் பேரனுக்குத் தலையில் துண்டைக் கட்டி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். கூடவே என் பிள்ளையும் வந்தான். கிழக்கே மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில். அதற்கு இடப்பக்கம் சிவப்பாக ஒன்று. “அதுதான் ஆதிரை” என்றேன்.

“மாடி லைட்டைப் போட்டா இன்னும் நல்லாத் தெரியுமா பாட்டி?”

“போட்டா தெரியாதுடா. இருட்டுலதான் தெரியும்.”

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்து, “அப்பா, லைட்டைப் போட்டுடாதே!” என்றான்.

என் பிள்ளை ஸ்விட்சை விட்டு நகர்ந்து வந்து, இருட்டில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.