யாரை நோக்கி இந்தச் சிரிப்பு?

சிரிப்பு இன்று நல்ல விலைக்குப் போகிறது. தென்னாபிரிக்காவின் சொவெட்டோவைச் சேர்ந்த லசிஸ்வே டம்புசா என்னும் இளைஞர், தாமே நடித்த சிறு நகைச்சுவைக் காட்சிகளை யூடியூப்பில் வெளியிட்டுப் பேர் பெற்றார். 2018 இல் எம்.ரி.வி. பேஸ் தொலைக்காட்சி அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. தமிழகத்தில் விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப்போவது யாரு' மேடையிலே பிறர் குரலில் பேசிக் கைதட்டல் பெற்ற சிவகார்த்திகேயன், 2012 இல் 'மெரினா' படத்தின் நாயகரானார். இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் எம்மவர் எடுக்கும் முடிவு ஒன்றே: திறமை இருந்தால் எவரும் முன்னேறலாம், வறுமை ஒரு தடையன்று. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கைத்தொலைபேசியை ஓர் உயரத்தில் சாய்த்து வைத்து அதன் முன்னே நடித்துப் பார்க்கும் இளைஞனின் நெஞ்சில் ஊன்றப்படும் நம்பிக்கையும் இதுவே.

இந்த நம்பிக்கையை நாம் மறுக்கிறோம். ஏறியவனைக் காட்டி ஏணியின் உடைமையாளனை மறைக்கும் தந்திரம் இது. ஒருவன் மேலே சென்றான் என்பது செய்தி. அவனுடன் நடிக்கத் தொடங்கிய பல்லாயிரவர் என்ன ஆனார்கள் என்பது செய்தியாவதில்லை. யூடியூப்பின் கணக்கையே பார்ப்போம். விளம்பர வருவாயில் பங்கு பெற ஓர் இளைஞனுக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும். ஓராண்டுக்குள் 4,000 மணி நேரம் அவனது காட்சிகள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாட்களுள் அவனது குறுங்காட்சிகள் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எல்லையை எட்டாதவனின் காட்சிகளிலும் விளம்பரம் போடும் உரிமையை அந்நிறுவனம் 2020 இன் இறுதியிலிருந்து தன் விதிகளில் எழுதி வைத்துக்கொண்டது. அந்த விளம்பரத்தால் வரும் பணத்தில் அவனுக்கு ஒரு சதமும் இல்லை. எல்லையை எட்டியவனுக்கும் நெடுங்காட்சிகளின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்குதான். போடியாரின் வயலில் விதைத்தவனுக்காவது அறுவடை நாளில் களத்திலே நெல் அளக்கப்பட்டது; அளக்கும் மரைக்காலை அவன் கண்ணால் கண்டான். இந்தப் புதிய போடியாரின் மரைக்கால் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஆயின், இதைச் சொல்வதால் அந்த இளைஞர்களை இகழ்வோரின் பக்கத்தில் நாம் போய் நிற்கவில்லை. எமது ஊர்களில் அப்படியும் ஒரு கூட்டம் உண்டு. "கூத்தாடித்தனம்", "ஊர்ப் பேச்சு", "படித்தவர் பார்க்கத் தகாதது" என்று அவர்கள் முகஞ்சுளிப்பர். இந்தச் சுளிப்பு எமக்குப் புதிதன்று. 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர், உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, 1960களின் தொடக்கத்தில் மரபுவாதிகள் அதனை "இழிசனர் வழக்கு" என்று தூற்றினார்கள். அந்த வழக்கில் வென்றது எது? தோட்டத்தின் பேச்சும், கடற்கரையின் பேச்சும், சேரியின் பேச்சும் ஈழத்துத் தமிழ் இலக்கியத்தின் உரிமைச் சொத்தாகிவிட்டன. கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமானும் மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் இந்தக் கரையிலிருந்து எழுதி, எங்கள் மண்ணும் மக்களும் இலக்கியத்துக்கு உரியவர்களே என்று நிறுவினார்கள்.

அதற்கு முன்னரும் எமக்கு ஒரு மரபு உண்டு. அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் வட்டைக் காவற்பரணில் இரவைக் கழித்தவர்கள் பாடிய கவிகளையும், வீட்டு முற்றத்தில் பெண்கள் ஒருவருக்கொருவர் பதிலாகச் சொன்ன கவிகளையும் எண்ணிப் பாருங்கள். காதலும் துயரமும் மட்டுமா அவற்றில் இருந்தன? குத்தலும் நையாண்டியும் இருந்தன. நேரே வாய் திறந்து கேட்க இயலாதவர்கள் கவியிலே கேட்டார்கள். எழுத்தறியாத மூத்தம்மா தன் நாவினாலேயே செய்த விமர்சனம் அது. அந்தக் கவியைப் பாவம் என்றும் பட்டிக்காட்டுத்தனம் என்றும் சொல்லி அடக்கியவர்களே இன்று கைத்தொலைபேசி நகைச்சுவையையும் பழிக்கிறார்கள். அவர்களுக்கு வெறுப்பு கலையின் தரத்தின்மீது அன்று. கீழே இருப்பவன் வாய் திறப்பதன்மீதே.

எனினும் ஊர்ப் பேச்சு மேடையேறிவிட்டது என்பதனாலேயே நாம் மனநிறைவு கொள்ளலாமா? அது எவர் வாயில், எவரை நோக்கி ஏறியது என்று கேட்க வேண்டும். எமது நாட்டின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 1970களில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் தொடர் ஒலித்தது. அதன் வரவேற்பினால் 1976 இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமும் வந்தது. இன்றைய கைத்தொலைபேசிக் கலைஞன் தொலைக்காட்சிக்குத் தாவுவதுபோல, அன்று வானொலிக் கலைஞர் திரைக்குத் தாவினர். அதிலே எஸ். ராமதாஸ் முஸ்லிம்களின் தமிழ் பேசும் மரிக்காராக நடித்தார். 2016 இல் அவர் மறையும் வரையும் 'மரிக்கார்' என்னும் அடைமொழி அவருடனேயே இருந்தது. முஸ்லிமாகிய பி.எச். அப்துல் ஹமீத் ஐயராக வந்தார். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழில் உபாலியாகவும், ராஜகோபால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் அப்புக்குட்டியாகவும் நடித்தனர். ஒவ்வொருவரும் மற்றவரின் நாக்கைக் கடன் வாங்கிப் பேசினார்கள். சிரிக்கப்பட்டவன் ஒருவன் மட்டும் அல்லன். முறைவைத்து எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் சிரிக்கப்பட்டார்கள்.

இந்தச் சமநிலை குலைந்தபோது எஞ்சியது என்ன? கேலிக்கென்றே வார்த்த ஓர் அச்சு. சிங்களத்திலும் தமிழிலும் எத்தனையோ நகைச்சுவைக் காட்சிகளில் 'நானா' என்றொருவன் வருவான். அவன் வணிகன், தந்திரக்காரன், தொப்பியும் உடைந்த மொழியும் அவனது அடையாளம். அவன் வாய் திறந்தாலே சபை சிரிக்கும். இந்த மாவட்டத்து முஸ்லிம்களிற் பெரும்பாலோர் மண்ணிலும் கடலிலும் உழைப்பவர்கள் என்பதும், கரைவலை இழுப்பவனும் மருதமுனைத் தறியில் இருப்பவளும் எந்தத் தந்திரத்தாலும் பிழைப்பவர்கள் அல்லர் என்பதும் அந்தச் சபைக்குத் தெரியாது, தெரிவிக்கப்படுவதும் இல்லை.

"சிரிப்புத்தானே, இதிலென்ன குற்றம்?" என்று கேட்போருக்கு நாம் 2018 பெப்ரவரி 26 ஐ நினைவூட்டுகிறோம். அன்றிரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தை ஒரு கூட்டம் சூழ்ந்தது. உணவிலே கிடந்த மாக்கட்டி ஒன்றைக் காட்டி, கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்று கூச்சலிட்டது. கல்லாவில் இருந்தவர் தமிழ் பேசுபவர். சிங்களம் சரிவரத் தெரியாதவர். கூட்டத்தின் கேள்வி விளங்காமல், அச்சத்தோடு தடுமாறி அவர் சொன்ன சில சொற்களைக் கைத்தொலைபேசியில் பதிந்து, அதனையே "ஒப்புதல் வாக்குமூலம்" என்று நாடெங்கும் பரப்பினார்கள். உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாட்களில் திகணையும் எரிந்தது. அரசாங்கம் பேஸ்புக்கையே சில நாட்கள் முடக்க நேர்ந்தது. உண்பவரை மலடாக்கும் அத்தகைய மாத்திரை உலகில் இல்லை என்பதும், அகப்பட்டது வெறும் மாவு என்பதும் பின்னர் உறுதியாயின. ஆனால் எரிந்தவை எரிந்தவையே.

உடைந்த மொழியைக் கேட்டதும் சிரிக்கப் பழகிய காதுக்கும், உடைந்த மொழியைக் கேட்டதும் குற்றத்தைக் காணும் காதுக்கும் இடையே உள்ள தூரம் அதிகமன்று. கலவரத்தை மேடைக் கோமாளி மூட்டினான் என்று நாம் சொல்லவில்லை. அதற்குக் காரணங்கள் வேறு; அவை அரசியலிலும் பொருளாதாரப் போட்டியிலும் இருக்கின்றன. ஆயினும் ஒரு கூட்டத்தாரைப் பல்லாண்டு காலம் நகைப்புக்குரியவராகவே காட்டி வந்தால், அவர்களது அச்சத்தையும் மனித அச்சமாகக் காணும் ஆற்றல் பார்ப்போரிடம் குன்றிவிடும். அந்தக் குறைவைத்தான் வெறியர் பயன்படுத்துகிறார்கள்.

இனி, எமது இளைஞர்களையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேலிக்கு ஆளான சமூகத்தில் பிறந்த நீங்கள் எவரைக் கேலி செய்கிறீர்கள்? முந்தானையைத் தலையிலே போட்டுக்கொண்டு, குரலைக் கீச்சிட வைத்து, உம்மாவாகவும் ராத்தாவாகவும் நடிக்கும் ஆண்பிள்ளைகள், அந்த உம்மாவின் அறியாமையைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லையே! வீட்டைத் தாங்குபவளும், மத்திய கிழக்கிலே பிறர் வீட்டுச் சமையற்கட்டில் நின்று பிள்ளையைப் படிப்பித்தவளும் அவளல்லவா? அவள் தன் கதையைத் தானே சொல்லிச் சிரிக்க முன்வந்தால், ஊர் வாய் அவளை விட்டுவைக்குமா? பெண் நடிக்கத் தடை. பெண்ணைப் போல நடித்துப் பெண்ணை இகழத் தடையில்லை! அவ்வாறே, கல்முனையில் பிரதேச செயலகப் பிணக்கு தமிழரையும் முஸ்லிம்களையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கும் நிலையில், அடுத்த தெருவாரின் பேச்சைப் பழித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குவது கலையாகாது. நெருப்பில் நெய் வார்ப்பதேயாகும்.

தென்னாபிரிக்காவிலே பீட்டர்-டர்க் உய்ஸ் என்றொரு கலைஞர் இருக்கிறார். நிறவெறி ஆட்சி நடந்த 1980களில் அவரும் பெண் வேடமிட்டே மேடையேறினார். ஆனால் அவர் ஏற்ற வேடம், எவிட்டா பெசுய்டன்ஹூட் என்னும் வெள்ளை ஆளும் வர்க்கச் சீமாட்டியின் வேடம். அந்தச் சீமாட்டியின் வாயாலேயே ஆட்சியின் அறிவீனத்தை அம்பலப்படுத்தினார். வேடம் ஒன்றே; நோக்கிய திசைதான் வேறு.

மேல்நோக்கிச் சிரிப்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதையும் நாம் அறிவோம். தமிழகத்தில் தொலைக்காட்சி மேடையிலிருந்து யூடியூப்புக்கு வந்து 'பரிதாபங்கள்' நடத்தும் கோபியும் சுதாகரும், 2024 செப்டெம்பரில் திருப்பதி லட்டுச் சர்ச்சையை வைத்து ஒரு காட்சி வெளியிட்டார்கள், எதிர்ப்பு எழுந்தது, காட்சியை நீக்கி வருத்தமும் தெரிவித்தார்கள். அதே இருவர் 2025 ஓகஸ்டில், திருநெல்வேலியில் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, சாதிவெறியைச் சாடும் காட்சியை வெளியிட்டார்கள். அவர்கள்மீது காவல்துறையில் முறைப்பாடுகள் குவிந்தன. மாமியாரையும் மருமகளையும் கேலி செய்தவரை எவரும் காவல் நிலையத்துக்கு இழுத்ததில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எமது நாட்டில் நிலைமை இன்னும் கொடிது. மேடை நகைச்சுவை செய்யும் நதாஷா எதிரிசூரிய, பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்ற குற்றச்சாட்டில் 2023 மே மாத இறுதியில் கைதானார். யூலை 5 இல் மேல் நீதிமன்றம் பிணை வழங்கும் வரை மறியலில் இருந்தார். அவர்மீது பாய்ந்தது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். இன, மத வெறுப்பைத் தூண்டுவோரிடமிருந்து மக்களைக் காப்பதற்கென உள்ள சட்டம் அது! தமிழிலே கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பர் வரை அடைபட்டிருந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. போன மாதங்களை யார் திருப்பித் தருவர்? இவை போதாவென்று 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது.

இங்கே எம்மவர் சிலர் தயங்குவர். "மதத்தைத் தொட்டால் மனம் புண்படாதா?" என்பர். புண்படலாம், புண்பட்டவர் மறுத்துப் பேசட்டும், கண்டிக்கட்டும், பார்க்காமல் விடட்டும். ஆனால் புண்பட்ட மனத்துக்கு மருந்து சிறைச்சாலை என்று நாம் இன்று ஒப்புக்கொண்டால், நாளை அந்தச் சிறையின் கதவு எவருக்காகத் திறக்கும்? பெரும்பான்மையின் மனம் புண்படும்போது சட்டம் விரைந்தோடும். 2020 இல் எமது மையித்துகள் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டபோது எமது மனம் புண்படவில்லையா? எந்தச் சட்டம் ஓடி வந்தது? 2021 பெப்ரவரி வரை அந்தக் கட்டளை நீடித்ததே! வலியவனைக் கேலி செய்வது வேறு. எளியவன் வீட்டுக்குத் தீ வைக்கத் தூண்டுவது வேறு. இந்த வேறுபாட்டை அழித்துவிடும் சட்டம் எப்போதும் எளியவனையே அழிக்கும். ஆகவே நதாஷாவுக்காகப் பேசுவது பிறருக்காகப் பேசுவதன்று, எமக்காகப் பேசுவதேயாகும்.

தொலைக்காட்சி எவரையும் சும்மா அழைப்பதில்லை. அழைக்கும்போதே பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் அழைக்கிறது. விளம்பரம் தருபவனைத் தொடாதே, அமைச்சரைத் தொடாதே, சாதியையும் கூலியையும் தொடாதே என்பது அதன் எழுதாத விதி. தொடத்தக்கதாக எஞ்சுவது குண்டுப் பெண்ணும், கறுத்த பையனும், ஊர்ப் பேச்சுமே. அந்த விதிக்குப் பணிந்தவனுக்குப் புகழ் உண்டு. பணியாதவனுக்கு மக்கள் மட்டுமே உண்டு. அந்த மக்களும் கைவிட்டால் அவன் கதி என்ன?

எனவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சில பணிகள் இருக்கின்றன. பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிகளோடு நாடகத்தை முடித்துவிடாமல், மாணவன் தன் வீட்டுப் பேச்சிலேயே எழுதி நடிக்கவும், மாணவி தன் குரலிலேயே நகைக்கவும் மேடை அமையுங்கள். இன்னும் உயிரோடிருக்கும் மூத்தம்மாமாரின் கவிகளை அதே கைத்தொலைபேசியில் பதியுங்கள். ஒலுவில் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. அவற்றைப் பேணி ஆராயுமாறு அதனிடம் கேளுங்கள். ஊர் இளைஞன் ஒருவன் நகைச்சுவைக் காட்சி வெளியிட்டால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்குமுன், அடிபட்டவன் யார், அடித்தவன் யார் என்று கேளுங்கள். அவன் வலியவனைத் தொட்டதற்காகப் பிடிபட்டால், அவனது மதமும் ஊரும் எதுவாயினும், முதற் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

எமது கரையிலிருந்து ஒருவன் நாளை தொலைக்காட்சியில் தோன்றலாம். தோன்றட்டும், மகிழ்வோம். ஆனால் அவன் அங்கே சென்று எங்களைக் காட்டிச் சிரிக்க வைக்கப் போகிறானா, எங்களோடு சேர்ந்து அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கப் போகிறானா என்பதை வைத்தே அவனது வெற்றியை நாம் அளப்போம்.