"அனுபவம்: இல்லை" என்று எழுதலாமா?



என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எங்கள் தெருவில் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். போன மாதம் எங்க சித்தி வந்தாங்க. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். "பயோடேட்டா கேக்காக, எழுதிக்கொடு தாயி" என்றாங்க.

பெயர், பிறந்த தேதி, படிப்பு பத்தாம் வகுப்பு என்று வரிசையாக எழுதினேன். அனுபவம் என்ற இடம் வந்தது. "நமக்கென்ன அனுபவம்? இல்லைன்னு போடு" என்றாங்க. நானும் போட்டுவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சித்தி 12 வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவங்க. ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாங்க. மகளிர் சுயஉதவிக் குழு கணக்கு நோட்டும் 3 வருஷமாக அவங்க கையில்தான். இதெல்லாம் அனுபவம் இல்லையா?

காலையில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதையெல்லாம் வருஷக் கணக்கோடு எழுதி வாசித்துக் காட்டினேன். "இதெல்லாமா எழுதுவாக?" என்று கேட்டாங்க. பிறகு, "இன்னொரு தடவை வாசி" என்றாங்க.

பக்கத்து வீட்டு மாமா, "பன்னிரண்டாவதுன்னு போடு, யாரு பாக்கப்போறா?" என்றார். அது தப்பு. சான்றிதழ் கேட்டால் வேலையும் போகும், மரியாதையும் போகும். செய்யாததை எழுதுவது பொய் என்றால், செய்ததை இல்லை என்பதும் பொய்தானே?

படிப்பு குறைவு என்று வெட்கப்படவும் வேண்டாம். நம் பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஆனால் நாட்டுப்புறக் கதைகளைத் தேடிச் சேர்த்தார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி செய்தார். 1980களில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்தது. படிப்பு என்ற ஒரு வரியை மட்டும் பார்த்திருந்தால் அழைத்திருப்பார்களா?

என் கருத்து இதுதான். பயோடேட்டா ஒரு பக்கம் போதும். கேட்கிற வேலைக்கு எது உதவுமோ அதை முதலில் எழுத வேண்டும். "கடின உழைப்பாளி" என்று எல்லோரும் எழுதுவார்கள். என்ன வேலை, எத்தனை வருஷம் என்று எழுதினால்தான் நம்புவார்கள். போன் நம்பரை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

சித்தியை நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி போன் வந்துவிட்டது. வேலை கிடைக்குமா, தெரியாது. உங்கள் வீட்டிலும் அம்மாவோ அக்காவோ "எனக்கு என்ன தெரியும்?" என்று சொன்னால் உடனே "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதுவரை என்னென்ன வேலை பார்த்தாங்க என்று முதலில் கேளுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி