வண்டியில் ஏறும் ஓடம்

ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டி ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறி வரும் என்பதற்காகச் சொன்னது. அந்தமானில் அது வெறும் போக்குவரத்துத் தகவல். தலைநகரிலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகோடியிலுள்ள திக்லிபூருக்கு ஒரு பெரிய படகை பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் போக நினைப்பவர் இரண்டையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் வண்டியும் அதன் வாலில் தொங்கும் படகும் சேர்ந்து இன்னொரு படகில் ஏற வேண்டும்.

கடல் சூழ்ந்த ஊருக்குப் படகைச் சாலையில் ஏன் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடல்வழி சுமார் 100 கடல் மைல். தை, மாசியில் அமைதியான கடலில் அது பெரிய காரியமல்ல. ஆனால் மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் வெளியே தொங்கும் எஞ்சின் பூட்டிய திறந்த பைபர் படகில் அந்தத் தூரத்தை யோசித்துத்தான் கடக்க வேண்டும். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றி வளர்ந்த திக்லிபூர், ஏரியல் பே துறைமுகத்தையும் அந்தமான் நெடுஞ்சாலையையும் நம்பி வாழும் ஊர். ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது.

சாலையோ 300 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸே ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஹம்ப்ரே நீரிணையில் பாலம் வந்துவிட்டது. மத்திய அந்தமானையும் வட அந்தமானையும் இணைக்கும் செங்கப்பா பாலம் அதற்கு முன்பே இருக்கிறது. மிடில் ஸ்ட்ரெய்ட்டில் மட்டும் வாகனப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். இழுவண்டியை அதில் ஏற்றுவது தனி வித்தை. ஓதம் வற்றியிருக்கும்போது சாய்தளம் செங்குத்தாகிவிடும். வண்டி மேலும் டிரெய்லர் கீழுமாக நிற்கும்போது இணைப்புக் கொக்கி தரையில் உரசும். பின்னால் எடுக்க நேர்ந்தால் இன்னும் சிரமம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். பழக்கமில்லாத டிரைவரை இது படுத்தும் பாட்டை, துறையில் காத்திருப்பவர்கள் இலவசமாக வேடிக்கை பார்க்கலாம்.

வேடிக்கை அதோடு முடிந்துவிடும். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி. வாகனங்கள் குறிப்பிட்ட நேரங்களில் காவலுடன் வரிசையாகத்தான் போக வேண்டும். நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சில நூறு பேரே எஞ்சியிருக்கும் ஜாரவாக்களுக்கு வெளியாரின் நோய்களும் பழக்கங்களும் ஆபத்து என்பதால் வந்த கட்டுப்பாடு இது. காப்புப் பகுதிக்குள் இந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் உத்தரவிட்டது, சாலை மூடப்படவில்லை. ஆகவே அதில் வண்டி ஓட்டுபவருக்கு உள்ள குறைந்தபட்சக் கடமை, நடுவழியில் நின்றுவிடாமல் போய்ச் சேர்வது. பிக்கப்பும் படகும் பழுதாகி நின்றால் அது சொந்தக்காரரின் தலைவலி மட்டுமல்ல. பின்னால் வரும் வரிசை முழுவதும், யாரும் நிற்கவே கூடாத காட்டில் நிற்கும்.

நின்றுபோவதற்குக் காரணங்களோ ஏராளம். படகு டிரெய்லரில் பெரும்பாலும் முதலில் கெடுவது சக்கரத்துப் பேரிங். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரத்தை அப்படியே உப்புத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த பயணத்தில் துருப்பிடித்த பேரிங் இறுகி, சக்கரமே கழன்று போகலாம். சற்று நேரம் ஆறவிட்டு இறக்குவதும், கரையேற்றியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதும் இதற்காகத்தான்.

அடுத்தது பாரம். படகும் டிரெய்லரும் சேர்ந்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கும். கனமான எஞ்சின் படகின் பின்கோடியில் இருப்பதால் இந்தத் தவறு மிகச் சுலபமாக நேரும். நெளியும்போது பதறிப் பிரேக்கை அழுத்துபவர் படகோடு சாலையின் குறுக்கே கிடப்பார். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துத் தானாக வேகம் குறைய விடுவதே வழி. இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது நம் மலைப்பாதை டிரைவர்களுக்குத் தெரிந்த பாடம். கட்டிய பட்டைகளை முதல் இருபது கிலோமீட்டரில் இறங்கிப் பார்ப்பதும் அவசியம். புறப்படும்போது இறுக்கமாக இருந்தவை குலுக்கலில் தளர்ந்திருக்கும். இந்தச் சாலையில் அந்தச் சோதனையைக் காவல் வரிசையில் சேர்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு இறங்க முடியாது.

அமெரிக்காவில் நாலு டன், ஐந்து டன் இழுக்கும் பிக்கப்புகள் சாதாரணம். வார இறுதியில் படகோடு ஏரிக்குப் போவது அங்கே குடும்ப வழக்கம். நம்மூர் பிக்கப் சுமப்பதற்காகப் பிறந்தது, இழுப்பதற்காக அல்ல. அதன் தொட்டி சுமார் ஒன்பது அடி. 28 அடி பைபர் படகை அதில் ஏற்றினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லர் என்றால் அதற்கும் பதிவெண் வேண்டும்; வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது மோட்டார் வாகன விதி. அமெரிக்காவில் தனி அனுமதி இல்லாமல் போகக்கூடிய அகலமும் ஏறத்தாழ இதேதான், எட்டரை அடி. விதி ஒன்றுபோல இருந்தும் பழக்கம் ஒன்றுபோல இல்லை. தமிழகக் கடற்கரைகளில் படகை மணலில் இழுக்க டிராக்டர் வந்துவிட்டது. சாலையில் கொண்டுபோக இன்னமும் லாரியும் தோள்களும்தான்.

இதன் விலை என்னவென்று 2018 ஆகஸ்டில் கேரளம் பார்த்தது. பம்பையும் அச்சன்கோவிலும் பெருகிச் செங்கன்னூர் மூழ்கியபோது, படகுகள் கடற்கரையில் இருந்தன, மனிதர்கள் உள்நாட்டுக் கூரைகளின் மேல் இருந்தார்கள். கொல்லத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் தூக்கிப் போட்டு, இரவோடிரவாக எடுத்துப்போனார்கள். அரசுக் கணக்கின்படி 669 படகுகள், 4,537 மீனவர்கள், மீட்கப்பட்டவர்கள் 65,000 பேர். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளை முற்றுகையிட்ட சுல்தான் இரண்டாம் மெஹ்மத், கொழுப்புத் தடவிய மரக்கட்டைகளின் மேல் கப்பல்களை உருட்டிக் குன்றைத் தாண்டியதை வரலாறு வியந்து எழுதியிருக்கிறது. அவரிடம் ஒரு படையே இருந்தது. இவர்களிடம் லாரியும் கயிறும் இருந்தன.

படகுகள் பத்திரமாகத் திரும்பவில்லை. மதிலிலும் கேட்டுக் கம்பியிலும் மோதி அடிப்பகுதி கிழிந்தவை பல. அவசரத்தில் ஏற்றி இறக்கிய படகுக்கு அடிக்கட்டையைத் தாங்க உருளையும் இல்லை, பக்கங்களைப் பிடிக்கத் தாங்கியும் இல்லை. நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அரசு அறிவித்தது. உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்றார்கள் பலர். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களிலும் மீனவர்களின் படகுகள் ஓடின. அங்கே கடலுக்கும் வெள்ளத்துக்கும் இடையே தூரம் குறைவு என்பது அதிர்ஷ்டம்.

திக்லிபூருக்கு அந்த அதிர்ஷ்டம் ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை. அங்கே கடல் எப்போதும் பக்கத்தில்தான். ஆனால் கடல் கொந்தளிக்கும் நாளில் வெளியிலிருந்து ஒரு படகு தேவைப்பட்டால், அது வர வேண்டிய சாலை ஜாரவாக்களின் காடு வழியாகவும் மிடில் ஸ்ட்ரெய்ட்டின் வாகனப் படகு வழியாகவும்தான் வரும். காற்று பலமானால் அந்த வாகனப் படகும் ஓடாது.